இன்றைய போக்குவரத்து

ஆறு நாள்
கந்தப்பளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில்
லீக்ஸும் கரட்டும் ஏற்றிய லொறி.
ஏழாம் நாளும் என் வலது பெருவிரல்
ஹோர்னைத் தேடுகிறது.
சைக்கிள் கைப்பிடியில்
அந்த இடத்தில் வெறும் ரப்பர்.

தார் முடிகிற இடத்தில் ஒரு போக்கு.
அதற்கப்பால் கிறவல்.
டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன்,
இறுகிய டயர் கல்லோடு சண்டைக்குப் போகும்.

முதல் இரண்டு கட்டை ஆற்றோரம்.
இரவு பெய்த மழையைப் பற்றி
ஓயா இன்னும் பேசி முடிக்கவில்லை.
நாணல், சேறு,
எருமை கிடந்து எழும்பிய பள்ளத்தில் தண்ணீர்.
என் இரு சக்கரமும் கடந்த பிறகு
வானம் அதில் மெதுவாகக் கூடிக்கொண்டது.

பிறகு டர்பன்டைன் காடு.
தைல வாசம் மூக்கில் ஏற ஏறப் பெடல் கனக்கிறது.
சருகின் மேல் டயர் போகும் சத்தம்
நிறுவை மடுவத்தில் கொழுந்துச் சாக்கைக்
கவிழ்க்கும் சத்தம்.

வளைவில் ஒரு மரை,
பாதையின் நடுவில்.
லொறியென்றால் லைட்டை அடித்திருப்பேன்.
இறங்கி நின்றேன்.
அது என்னைப் பார்த்தது,
காதால் ஒரு பூச்சியை விரட்டியது,
கடக்க வந்த பாதையைக் கடக்காமல்
வந்த பக்கமே திரும்பிப் போனது,
வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல.

காடு விட்டதும் பத்தனை.
மானாப்புல்லை ஒரு பக்கமாகவே சீவிவைத்திருக்கும் காற்று.
கூன்விழுந்த மகரத்மல் ஒன்று, சிவக்கச் சிவக்கப் பூத்து.
ஒரு வாகனமில்லை.
புகையில்லை.
முந்திப்போக ஆளில்லை.
வாய்விட்டே சொன்னேன்:
என்ன ஒரு ரோடு!

"என்னா ரோடு?"

பாறையில் உட்கார்ந்திருந்தாள்,
செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.
யோகமணி என்று பிறகுதான் சொன்னாள்.
"தார் போடச் சொல்லி பதினோரு வருஷமா மனு குடுக்குறோம்.
எலெக்சனுக்கு எலெக்சன் அளந்துட்டுப் போறானுங்க.
போன மாசம் என் நாத்தனாருக்கு வலி எடுத்தப்போ
கம்பளியில தொட்டில் கட்டி
நாலு பேரு தூக்கிட்டு ஓடுனாங்க,
இந்த ஒங்க ரோட்டுலதான்."

ஹெல்மெட்டைக் கழற்றினேன்.
செயினில் ஒட்டிய சேற்றை
விரலால் சுரண்டினேன். வேறென்ன செய்வது.

அவளும் அதற்குமேல் கோபிக்கவில்லை.
ஒரு சுடுதண்ணிப் போத்தலை நீட்டினாள்.
உள்ளே ஐஸ்,
ஐசுக்கு நடுவில் அவள் அம்மாவின் இன்சுலின்.
"டவுன்ல அக்கா வீட்டு பிரிட்ஜ்ல இருந்திச்சு.
கீழ் லயம், மூணாவது காம்பரா, நீலக் கதவு.
நா நடந்து போறதுக்குள்ள கரைஞ்சிரும்."

என் தண்ணீர்ப் போத்தல் இருந்த கூட்டில்
அது பொருந்தவில்லை.
தன் பையின் வாரை அவிழ்த்து
மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.
லொறியில் நான் கயிறு கட்டுவதைவிட நன்றாக.

இறக்கம்.
கல் தெறிக்கிறது.
போத்தலுக்குள் ஐஸ் கிலுகிலுக்கிறது.
முட்டை ஏற்றியவன்போல
பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிறேன்.
காலையில் குழிகளைப் பார்த்து
தாண்டித் தாண்டி விளையாடினேன்.
இப்போது ஒவ்வொரு குழியும்
குழியாகவே இருக்கிறது.

லயத்துக்கு மேல் வளைவில்
பழைய டயரொன்றைக் கம்பால் தட்டி ஓட்டிக்கொண்டு
ஒரு பொடியன் எதிரே வந்தான்.
பெருவிரல் தானாக ரப்பரை அழுத்தியது.
பிறகு வாயால் அடித்தேன்: பீப், பீப்.

அவன் டயரை ஓரமாக நிறுத்திவிட்டு
பஸ்ஸை மறிக்கிறவர்கள் மாதிரி
கையை நீட்டினான்.

நிறுத்தவில்லை.
நீலக் கதவுக்கு இன்னும் இரண்டு வளைவு.